ஒரு நகரத்தின் இசைக்குழு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் சிம்பொனி இசைக்குழுவின் நூற்றாண்டைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பை வாசித்தேன். லண்டனிலேயே உலகப் புகழ்பெற்ற குழுக்கள் பல இருக்க, அருகிலுள்ள ஒரு தொழில்நகரம் மக்களின் வரிப்பணத்தில் தனக்கென ஒரு குழுவை வைத்துக்கொள்ளத்தான் வேண்டுமா? நூறாண்டு நீடித்தது என்பது மட்டுமே கொண்டாட்டத்துக்குப் போதுமா? மேலும், புதிதாகக் கேட்க விரும்பும் என் போன்றவர்கள் எதிலிருந்து தொடங்கலாம்?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

முதல் உலகப்போர்க் காலத்தில் பர்மிங்ஹாம் மேயராக இருந்து பின்னாளில் பிரதமரான நெவில் சேம்பர்லின், நகருக்கென நிரந்தரமான ஓர் இசைக்குழு வேண்டும் என்று வலியுறுத்தினார். மாநகராட்சி ஆண்டுக்கு 1,250 பவுண்டு ஒதுக்க முன்வந்தது. 1920 நவம்பரில் டவுன் ஹாலில் நடந்த குழுவின் தொடக்கக் கச்சேரியில் இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கர் தன் படைப்புகளைத் தானே நடத்தினார். அரசவையின் ஆதரவில் வளர்ந்த ஒரு கலைக்கு, இயந்திரங்களுக்கும் உலோகப் பட்டறைகளுக்கும் பெயர்பெற்ற ஊரில் வரி கட்டுபவர்கள் புரவலர்களானார்கள் என்பதே இந்த வரலாற்றில் என்னை மிகவும் ஈர்ப்பது. 1944இல் கலைஞர்கள் முழுநேர ஊழியர்களானபோது, அதற்கான பணத்தில் ஒரு பகுதி, பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசிப்பதற்காக நகரின் கல்விக்குழுவிடமிருந்து வந்தது. லண்டனிலிருந்து வந்து ஒரு மாலை வாசித்துவிட்டுத் திரும்பும் குழு, எத்தனை திறமையானதாக இருந்தாலும், இந்தப் பணியைச் செய்ய முடியாது.

பக்கத்து நகரான கவென்ட்ரியின் பேராலயம் 1940இல் குண்டுவீச்சில் அழிந்தது. புதிய பேராலயத்தின் திறப்பு விழாவை ஒட்டி, 1962 மே 30 அன்று இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் ‘வார் ரெக்வியம்’ என்ற, போரில் இறந்தோருக்கான இரங்கல் இசை அங்கே முதன்முறையாக அரங்கேறியபோது வாசித்தது இந்தக் குழுதான். தன் வட்டாரத்தின் துக்கத்துக்கு உடன்நின்ற அந்த ஒரு மாலைக்காகவே இக்குழுவைக் கொண்டாடலாம் என்பேன்.

1980இல், 25 வயதில், சைமன் ராட்டில் குழுவின் முதன்மை இசை நடத்துநராகப் பொறுப்பேற்றார். 18 ஆண்டுகள் அங்கேயே தங்கி, ஒவ்வொரு கலைஞரின் பழக்கமும் தெரிந்த நிலையில் குழுவை வளர்த்தெடுத்தார். அவருடைய காலத்தில், 1991இல் திறக்கப்பட்டதுதான் குழு வாசிக்கும் அரங்கமான சிம்பொனி ஹால். அடியில் செல்லும் ரயில் சுரங்கத்தின் அதிர்வு உள்ளே எட்டாதபடி அக்கட்டடம் ரப்பர்த் தாங்கிகளின் மேல் நிற்கிறது. மேடைக்கு மேலுள்ள விதானத்தை ஏற்றி இறக்கலாம். பெரிய கோரஸ் பாடும்போது, எதிரொலி அறைகளின் கனத்த கான்கிரீட் கதவுகளைத் திறந்து ஒலியின் கார்வையை நீளச் செய்யலாம். நிரந்தரமான குழு ஒன்று இல்லாத ஊர் இத்தகைய அரங்கைக் கட்டியிருக்குமா என்பது சந்தேகமே.

நூற்றாண்டுப் பருவம் கொரோனாவில் சிக்கிக்கொண்டது. 2020 செப்டம்பர் 5 அன்று ராட்டில் திரும்பி வந்து, லாங்பிரிட்ஜில் உள்ள ஒரு கிடங்கில், கலைஞர்களை இடைவெளிவிட்டு அமர்த்தி, பார்வையாளர்களின்றி நடத்திய கச்சேரி இணையத்தில் ஒளிபரப்பானது. அதைவிடப் பெரிய அடி பின்னர் விழுந்தது. 2023இல் நிதி நெருக்கடியை அறிவித்த மாநகராட்சி, அடுத்த நிதியாண்டில் மானியத்தைப் பாதியாகக் குறைத்து, அதற்கடுத்த ஆண்டில் முற்றாக நிறுத்த முடிவு செய்தது. நலப்பணிகளுக்கே பணமில்லாத நிர்வாகத்தின் நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆயினும், 1920இல் போரின் களைப்பிலிருந்து மீளாத ஒரு நகரம் ஒதுக்க முடிந்த பங்கை அதே நகரம் இன்று கைவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. தேசியக் கலைக் கழகத்தின் மானியத்தாலும் நுழைவுச்சீட்டு வருமானத்தாலும் நன்கொடைகளாலும் குழு தொடர்கிறது. நகரத்தின் பங்கு சிறிதாயினும் திரும்ப வேண்டும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். ராட்டில் இக்குழுவுடன் பதிவுசெய்த, இசையமைப்பாளர் குஸ்டாவ் மாலரின் இரண்டாம் சிம்பொனியைப் பரிந்துரைக்கிறேன். நல்ல ஹெட்போனில், இடையில் நிறுத்தாமல், ஒரே அமர்வில் கேளுங்கள். முதல் பகுதி கடினமாகத் தோன்றினாலும் கோரஸ் மெல்ல நுழையும் கட்டம் வரை பொறுத்திருங்கள். ‘வார் ரெக்வியம்’ அதன் பிறகு கேட்டால் போதும்.

அன்புடன்.