ஃபெமா (அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம்) கேள்வி பதில்: யாரிடம் அனுமதி கேட்பது?

கேள்வி: எங்கள் பரதநாட்டியக் குழு சிங்கப்பூரில் நிகழ்ச்சி நடத்தப் போகிறது. செலவுக்கு டாலர் கேட்டால், டெல்லியிலிருந்து அனுமதிக் கடிதம் வாங்கி வரச் சொல்கிறது வங்கி. ரிசர்வ் வங்கியில் முறையிடலாமா?

பதில்: பலன் இருக்காது. 2000-ஆம் ஆண்டின் நடப்புக் கணக்கு விதிகளில் (பயணம், பரிசு போன்ற வெளிநாட்டுச் செலவுகளுக்கானவை; வங்கியின் நடப்புக் கணக்கு அல்ல) மூன்று அட்டவணைகள் உண்டு. முதலாவதில் இருப்பவை அறவே கூடாது. இரண்டாவதற்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும். மூன்றாவதில்தான், வரம்பைத் தாண்டினால், ரிசர்வ் வங்கி வருகிறது. கலைப்பயணம் இரண்டாவது அட்டவணையின் முதல் வரியிலேயே இருக்கிறது. அமைச்சகக் கடிதம் இல்லாமல் மேலாளர் கையெழுத்துப் போட முடியாது, அவரிடம் சண்டை பிடிக்காதீர்கள். டிக்கெட் போடுவதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் வைத்திருக்கும் ஆர்.எஃப்.சி. என்ற வெளிநாட்டு நாணயக் கணக்கிலிருந்து செலுத்தினால் இந்த அனுமதி தேவையில்லை.

கேள்வி: அதே குழுதான். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியில் தரும் ஏ2 படிவத்தில் ‘உறவினர் பராமரிப்பு’ என்று போட்டு அனுப்பச் சொல்கிறார் ஒருவர்.

பதில்: அந்த ஒருவரா கையெழுத்துப் போடப் போகிறார்? படிவத்தில் உறுதிமொழி தருவது நீங்கள். மாட்டினால் அபராதம் அனுப்பிய தொகையைப் போல மூன்று மடங்கு வரை போகலாம்.

கேள்வி: மலேசியாவில் ஒரு செஸ் போட்டிக்கு எங்கள் கம்பெனி 40,000 டாலர் பரிசுத் தொகை தருகிறது. அமைச்சகத்தைக் கேட்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். 1 லட்சம் டாலரைத் தாண்டினால்தான்.

கேள்வி: துபாய் லாட்டரிச் சீட்டு, பத்து டாலர்தான். கார்டில் வாங்கலாமா?

பதில்: கூடாது. இது முதல் அட்டவணை, அனுமதி கேட்கவே வழியில்லை. ஆண்டுக்கு 2.5 லட்சம் டாலர் அனுப்பலாமே என்பீர்கள். அந்தச் சலுகை தடை செய்த செலவுக்குப் பொருந்தாது.

கேள்வி: நான் இலங்கைக் குடிமகன். பல வருடமாக விசாவில் சென்னையில் வசிக்கிறேன். இங்கேயே இருப்பவர் பிளாட் வாங்க எந்த அனுமதியும் வேண்டாம் என்கிறார் தரகர்.

பதில்: வேறு பல நாட்டவருக்கு அவர் சொல்வது சரி. இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம், சீனா, ஈரான், நேபாளம் உள்ளிட்ட சில நாடுகளின் குடிமக்கள் இந்தியாவிலேயே வசித்தாலும் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி பெற வேண்டும். ஐந்து ஆண்டுக்கு மிகாத குத்தகைக்கு மட்டும் விலக்கு. ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்குத் தருவது) இருந்தால் கதையே வேறு: பிளாட் தாராளமாக வாங்கலாம், விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மட்டும் முடியாது. அட்டை இல்லையென்றால், அனுமதி கைக்கு வரும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.