படம் எடுக்கும் முன் வெற்றிலைக் காம்பு வேண்டாம்

கேள்வி: எங்கள் மகன் நிறைமாதத்தில் பிறந்து 3 நாள் ஆகிறது. இன்னும் மலம் போகவில்லை, வயிறு உப்பியிருக்கிறது. இன்று காலை பச்சையாக வாந்தி எடுத்தான். எக்ஸ்ரே எடுத்தவர்கள், ஆசனவாய் வழியாக மருந்து ஏற்றி இன்னொரு படம் எடுக்க வேண்டும் என்கிறார்கள். கதிர்வீச்சு என்றால் பயமாக இருக்கிறது. ஸ்கேன் போதாதா? விளக்கெண்ணெயில் தோய்த்த வெற்றிலைக் காம்பை வைத்தால் போய்விடும் என்கிறார் பாட்டி.

பதில்: படத்துக்கு இப்போதே சம்மதியுங்கள். காம்பை மட்டும் வைத்துவிடாதீர்கள்.

நிறைமாதக் குழந்தைகள் ஏறக்குறைய எல்லாருமே 48 மணி நேரத்துக்குள் கரும்பச்சை நிற முதல் மலத்தைக் கழித்துவிடுவார்கள். உங்கள் மகனுக்கு அது நடக்கவில்லை. வாந்தியில் வந்த பச்சை, பித்தநீர். குடித்த பாலைக் கக்குவது வேறு, இது வேறு. குடல் எங்கோ அடைபட்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் நாங்கள் பார்க்க ஆரம்பிப்போம்.

எக்ஸ்ரேயில் எங்களுக்கு வழிகாட்டுவது குழந்தை விழுங்கிய காற்று. அது மேலே இரண்டே குமிழ்களாக நின்று, கீழே ஒன்றுமே தெரியாவிட்டால் முன்சிறுகுடலில் அடைப்பு. பெரும்பாலும் அந்த ஒரு படமே போதும். வயிறு முழுக்கக் காற்று வளையங்கள் தெரிந்தால் அடைப்பு கீழே. ஆனால் பச்சிளம் குழந்தையின் எக்ஸ்ரேயில் எது சிறுகுடல், எது பெருங்குடல் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஸ்கேனுக்கோ அந்தக் காற்றே தடை. ஒலி அலை அதைத் தாண்டிப் போகாது.

அதனால்தான் மருந்துப் படம். மெல்லிய குழாயை ஆசனவாய்க்குச் சற்று உள்ளே வைத்து, எக்ஸ்ரேயில் குடலின் வடிவத்தைத் தெளிவாகக் காட்டும், நீரில் கரையும் அயோடின் மருந்தை மெதுவாக விடுவார்கள். குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து எடுக்கும் முதல் படம் ரொம்ப முக்கியம். மலக்குடல்தான் மற்ற பகுதியைவிட அகலமாக இருக்க வேண்டும். அது ஒடுங்கி, அதற்கு மேல் குடல் புனல்போல் விரிந்திருந்தால் ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோயைச் சந்தேகிப்போம். குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்கள் இல்லாமலே பிறப்பது அது. சுமார் 5,000 குழந்தைகளில் ஒருவருக்கு வரும்.

காம்பு வேண்டாம் என்றது இதற்காகத்தான். அது ஒடுங்கிய இடத்தைத் தூண்டிவிட்டால் காற்றும் மலமும் பீய்ச்சிக்கொண்டு வரும், வயிறு வடியும், வீட்டில் எல்லாரும் நிம்மதி அடைவார்கள். நோய் அப்படியே இருக்கும். நாங்கள் தேடும் அந்தப் புனல் படத்தில் மங்கிவிடும்.

கதிர்வீச்சு பற்றிய உங்கள் பயம் புரிகிறது. பச்சிளம் குழந்தைக்கென அளவைக் குறைத்து, தேவையான நொடிகள் மட்டும்தான் கதிரைப் போடுவார்கள். சில குழந்தைகளுக்குக் கெட்டிப்பட்ட மலம்தான் அடைத்திருக்கும். இந்த மருந்தே அதை இளக்கி வெளியேற்றிவிடும். அப்படி வந்தபோது அம்மாக்கள் அழுததைப் பார்த்திருக்கிறேன்.

ஹிர்ஷ்ஸ்ப்ரங் என்று சந்தேகம் வந்தால், மலக்குடலின் உள்சுவரில் துளி சதை எடுத்துப் பார்த்துத்தான் முடிவு சொல்ல முடியும். அந்த இடத்தில் வலி உணர்வு கிடையாது. முதல் வாரத்தில் படம் சரியாகவே தெரிந்தாலும் இந்நோய் இருக்கலாம். ஆகவே சதைப் பரிசோதனை கேட்டால் மறுக்க வேண்டாம்.

இன்னொன்று. கீழே அடைப்பு எதுவும் தெரியாவிட்டால், "பச்சை வாந்திக்குக் காரணம் குடல் முறுக்கா?" என்று அங்கேயே கேளுங்கள். அதற்கு வாய்வழி மருந்து கொடுத்து மேல்குடலைப் படம் எடுக்க வேண்டும்; ரத்தக் குழாய்கள் சுழன்றிருப்பதை ஸ்கேனிலும் பார்க்கலாம். முறுக்கிய குடல் சில மணி நேரத்திலேயே அழுகிவிடும். அதை நாளைக்குத் தள்ள விடாதீர்கள்.