புரோகிராம் மாறும்போதெல்லாம் டிஎல்பியைத் துடைக்கத்தான் வேண்டுமா?

ஒரு புரோகிராமிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் ஒவ்வொரு முறையும் டிஎல்பி காலியாகி வேகம் குறைகிறதே, தவிர்க்க வழியுண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு.

புரோகிராம் பயன்படுத்தும் மெய்நிகர் முகவரிக்கு உரிய, நினைவகத்தின் உண்மையான இயற்பியல் முகவரியை நினைவில் வைத்திருக்கும், செயலிக்குள் உள்ள சிறு கேஷ்தான் (விரைவுச் சேமிப்பிடம்) டிஎல்பி. அது காலியானால் இந்த முகவரி இணைகள் நினைவகத்தில் எழுதப்பட்டிருக்கும் பக்க அட்டவணையை அடுக்கடுக்காக மீண்டும் தேட வேண்டும்.

எங்கள் காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளைப் பங்காளிகள் பலர் பகிர்ந்துகொண்டாலும், பாத்திரங்களில் பெயர் வெட்டியிருப்பதால், ஒரு புள்ளியின் (தனிக் குடும்பத்தின்) விசேஷம் முடிந்ததும் அடுப்படியை முழுதாக ஒழித்துக்கொடுக்க வேண்டியதில்லை. இன்டெல்லின் பிசிஐடி செய்வதும் இந்தப் பெயர் வெட்டும் வேலைதான்: டிஎல்பியின் ஒவ்வொரு பதிவுடனும் 12 பிட் அடையாள எண் இருப்பதால், எந்தப் பக்க அட்டவணை நடப்பில் உள்ளது என்று காட்டும் சிஆர்3 பதிவகம் புரோகிராமுடன் சேர்ந்து மாறினாலும் பழைய பதிவுகளை அழிக்காமல் விடலாம். ஏஆர்எம் வகைச் செயலிகளில் இதற்கு ஏஎஸ்ஐடி என்று பெயர். 2010 முதலே சிப்பில் இருந்த இவ்வசதியை லினக்ஸ் 2017இல், 4.14 பதிப்பில்தான் எடுத்துக்கொண்டது. தாமதம் என்றே சொல்வேன்.

உங்கள் கையில் இருப்பது வேறொன்று. நினைவகத்தை இயங்குதளத்திடம் திருப்பித் தரும் எம்அன்மேப் அழைப்பு, பல த்ரெட்கள் (இணையாக ஓடும் இழைகள்) உள்ள புரோகிராமில், இன்டெல் வகைச் செயலிகளில் பொதுவாக அந்த த்ரெட்கள் ஓடும் மற்ற கோர்களையும் குறுக்கிட்டு, அவற்றின் டிஎல்பியில் உள்ள அந்தப் பதிவுகளைத் துடைக்கச் சொல்லும். ஆகவே ஒதுக்கிய நினைவகத்தை உடனே விடுவிக்காமல் மறுபடி பயன்படுத்துங்கள்.