மூடித் திறந்தால் வைஃபை காணோம்!

சேலம், ஏற்காடு வாசகர்கள் சிலர் ஒரே புகாரை ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள்: கம்ப்யூட்டர் தூங்கி (ஸ்லீப்) எழுந்தால் வைஃபை வருவதில்லை. அதனால் இந்த முறை கேள்வி-பதில் பகுதி முழுக்க அதற்கே. கமாண்டுகளை ஒலிக்கிறபடி தமிழில் தந்திருக்கிறோம். அடிக்கும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள்.

கேள்வி: விசைத்தறிக் கூடத்துக் கணக்கெல்லாம் ஒரு விண்டோஸ் 11 லேப்டாப்பில் இருக்கிறது. மதியம் சாப்பாட்டுக்குப் போகும்போது மூடிவிட்டுப் போவேன். வந்து திறந்தால் வைஃபை பட்டனே இருக்காது. ஷட்டவுன் செய்து மறுபடி போட்டாலும் வராது. ரீஸ்டார்ட் கொடுத்தால் வந்துவிடும். ரிப்பேர் கடையில் கார்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா சார்?
– வாசகர், அம்மாபேட்டை

பதில்: இப்போதைக்கு வேண்டாம். செத்துப்போன கார்டு ரீஸ்டார்ட்டுக்கு எழுந்து வராது. ஷட்டவுனுக்கு மசியாமல் ரீஸ்டார்ட்டுக்கு மட்டும் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியே பெரும்பாலும் டிரைவர் (கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) பக்கம்தான் கை காட்டுகிறது.

விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒன்று உண்டு. அது இயங்கும் வரை, ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் உட்பகுதியையும் டிரைவர்களையும் அப்போதிருந்த நிலையிலேயே ஒரு கோப்பாக டிஸ்க்கில் எழுதி வைத்துவிடும். அடுத்த முறை பவர் பட்டனை அழுத்தும்போது அந்தக் கோப்பைத்தான் எடுத்து விரிக்கும். குழம்பிக் கிடந்த வைஃபை டிரைவர் குழம்பியபடியே திரும்பி வருகிறது. ரீஸ்டார்ட் அந்தக் கோப்பைத் தொடுவதில்லை; எல்லாவற்றையும் புதிதாக ஏற்றுகிறது. கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், ‘சூஸ் வாட் தி பவர் பட்டன்ஸ் டூ’ என்று போனால் அங்கே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பின் டிக்கை எடுக்கலாம். மங்கலாக இருந்தால் மேலே உள்ள ‘சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரண்ட்லி அன்அவைலபிள்’ வரியை முதலில் அழுத்த வேண்டும். இதனால் தூக்கக் கோளாறு தீராது. ஷட்டவுன் மட்டும் உண்மையான ஷட்டவுனாக ஆகிவிடும்.

கோளாறின் வேரைப் பார்க்க ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வைஃபை காணாமல் போனால் உடனே ரீஸ்டார்ட் கொடுக்காதீர்கள். கொடுத்தால் தடயம் அழிந்துவிடும். விண்டோஸ் பட்டனோடு எக்ஸ் எழுத்தை அழுத்தி, டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் பட்டியலை விரித்துப் பாருங்கள். ஒரு நிமிஷ வேலை.

வைஃபை கார்டின் பெயர் மேல் மஞ்சள் முக்கோணம் இருக்கிறதா? இரண்டு முறை தட்டினால் ‘கோட் 10’ அல்லது ‘கோட் 43’ என்று காட்டும். முன்னது, கார்டைத் தொடங்க முடியவில்லை என்பது. பின்னது, கார்டே தன்னிடம் கோளாறு என்று சொன்னதால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது என்பது. பெயர் மேல் ரைட் கிளிக் செய்து டிசேபிள் கொடுத்து, பத்து விநாடி விட்டு எனேபிள் கொடுங்கள். வைஃபை வந்துவிட்டால் கார்டு நல்ல கார்டுதான். தூங்கும்போது கார்டுக்கு மின்சாரம் குறைக்கப்படுகிறது. எழும்போது டிரைவர் அதைத் தட்டியெழுப்பி மறுபடி ஆயத்தம் செய்ய வேண்டும். அந்த இடத்தில்தான் உங்கள் டிரைவர் தடுக்கி விழுகிறது.

பெயரே பட்டியலில் இல்லை என்றால் ‘வியூ’ மெனுவில் ‘ஷோ ஹிட்டன் டிவைசஸ்’ கொடுத்துப் பாருங்கள். மங்கலாகத் தெரிந்தால், மதர்போர்டின் கண்ணுக்குக் கார்டு அந்த நேரத்தில் தென்படவில்லை என்று பொருள். அப்போது முழுதாக அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்துவிட்டுப் பிறகு போடுங்கள். அணைத்த பின்னும் வைஃபை ஸ்லாட்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். அது முழுவதும் வடிந்தால்தான் சில கார்டுகள் தெளியும். இதுவே அடிக்கடி தேவைப்பட்டால், அப்போது கார்டைச் சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது.

இனி மாற்ற வேண்டியவை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிட்டால் எது வேலை செய்தது என்று தெரியாது, அடுத்த அப்டேட்டில் கோளாறு திரும்பினால் மறுபடி ஆரம்பத்திலிருந்து தேட வேண்டும்.

டிவைஸ் மேனேஜரில் கார்டின் ப்ராப்பர்ட்டீஸில் பவர் மேனேஜ்மென்ட் டேப் இருந்தால், ‘அலவ் தி கம்ப்யூட்டர் டு டர்ன் ஆஃப் திஸ் டிவைஸ் டு சேவ் பவர்’ என்ற டிக்கை எடுங்கள். பழைய லேப்டாப்புகளில் பல நேரம் இதோடு சரியாகிவிடும்.

அந்த டேபே இல்லையா? அப்படியானால் டெர்மினலில் (கமாண்டு அடிக்கும் ஜன்னல்) ‘பவர்சிஎஃப்ஜி’ என்று ஒட்டி அடித்து, இடம் விட்டு, சாய்கோடும் (கேள்விக்குறி பட்டனில் இருப்பது) ‘ஏ’ எழுத்தும் சேர்த்து என்டர் தட்டுங்கள். ‘ஸ்டாண்ட்பை எஸ்0 லோ பவர் ஐடில்’ என்று வந்தால் உங்கள் லேப்டாப் மாடர்ன் ஸ்டாண்ட்பை வகை. இது செல்போன் மாதிரி, தூங்கும்போதும் உள்ளே அரைக்கண் திறந்திருக்கும். ‘எஸ்3’ என்பது பழைய, ஆழ்ந்த உறக்கம். மாடர்ன் ஸ்டாண்ட்பை லேப்டாப்புகளில் அந்த டேப் பெரும்பாலும் மறைந்திருக்கும். அதைக் கொண்டுவர ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸின் உள் அமைப்புக் குறிப்பேடு) கிண்டச் சொல்லும் வீடியோக்களைப் பின்பற்ற வேண்டாம்; கணக்கு இருக்கும் லேப்டாப்பில் அந்த விளையாட்டு கூடாது.

இங்கே முக்கியம் டிரைவர். லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து வைஃபை டிரைவரை எடுங்கள். கூடவே பயோஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் மென்பொருள்) அப்டேட் இருந்தால் அதையும். எண் லேப்டாப்பின் அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும். ‘எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பிப்போம்’ என்று விளம்பரம் செய்யும் மென்பொருட்கள் பக்கம் போகாதீர்கள். ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது என்றால், ப்ராப்பர்ட்டீஸில் டிரைவர் டேபில் ‘ரோல் பேக் டிரைவர்’ கொடுத்துப் பழையதற்குத் திரும்புங்கள்.

இத்தனைக்கும் மசியாவிட்டால் மூடியை மூடும்போது தூங்காமல் ஹைபர்னேட் ஆகும்படி (திறந்திருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணையும்படி) வையுங்கள்: பவர் ஆப்ஷன்ஸ், ‘சூஸ் வாட் குளோசிங் தி லிட் டஸ்’, ஹைபர்னேட். அது பட்டியலில் இல்லை என்றால் டெர்மினலை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ‘பவர்சிஎஃப்ஜி’, சாய்கோட்டோடு ‘ஹைபர்னேட்’, பிறகு ‘ஆன்’ என்று கொடுங்கள். எஸ்எஸ்டி இருந்தால் சற்று நேரத்தில் எழுந்துவிடும், திறந்து வைத்த பில் திறந்தபடியே இருக்கும். எங்களைக் கேட்டால், கடைக்கும் தறிக்கூடத்துக்கும் இதுவே நிம்மதியான ஏற்பாடு.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இரண்டு விதமாகச் சோதியுங்கள்: இரண்டு நிமிஷம் மூடித் திறப்பது ஒன்று, சாப்பாட்டு நேரம் முழுக்க மூடி வைப்பது இன்னொன்று. குட்டித் தூக்கத்தில் தேறியது நெடுந்தூக்கத்தில் தேறாமல் போவது உண்டு.

கேள்வி: ஏற்காட்டில் ஹோம்ஸ்டே நடத்துகிறோம். இரவு கரண்ட் போய் வந்த மறுநாள் காலையில் ஆபீஸ் லேப்டாப்பைத் திறந்தால் சில நாள் எங்கள் வைஃபையின் பெயரே பட்டியலில் வராது. சில நாள் ‘கனெக்டட், நோ இன்டர்நெட்’ என்று நிற்கும். அதே நேரத்தில் செல்போனில் நன்றாக வருகிறது. லேப்டாப்பில்தானே கோளாறு?
– வாசகி, ஏற்காடு

பதில்: இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள் அம்மா. இரண்டிலும் ரூட்டருக்குப் பங்கு இருக்கிறது.

முதலில் பெயர் தெரியாத விஷயம். ரூட்டரில் சேனல் (அலைவரிசைக்குள் அது பேசும் தடம்) ‘ஆட்டோ’ என்று இருந்தால், கரண்ட் வந்து அது மறுபடி எழும்போது வேறு சேனலைப் பிடிக்கலாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நம் நாட்டில் 13 வரை சேனல் உண்டு. ஆனால் அமெரிக்க அமைப்பில் வந்த சில லேப்டாப் கார்டுகள் 11-க்கு மேல் பார்ப்பதில்லை. ரூட்டர் 12-லோ 13-லோ போய் உட்கார்ந்தால் செல்போனுக்குத் தெரியும், லேப்டாப்புக்குத் தெரியாது. 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையிலான சேனல்களை ரேடாரும் பயன்படுத்துவதால், ரூட்டர் அங்கே போனால் பேசத் தொடங்குமுன் ஒரு நிமிஷமாவது காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பது விதிமுறை. லேப்டாப்பும் அங்கே ‘யார் இருக்கிறீர்கள்’ என்று குரல் கொடுக்காது. ரூட்டர் அறிவிக்கும் வரை காத்திருக்கும். எழுந்ததும் பெயர் தெரியத் தாமதமாவது இதனால்தான்.

ஆகவே ரூட்டரின் செட்டிங்ஸில் ஆட்டோவை எடுத்துவிட்டு 2.4-க்கு 1, 6, 11 இவற்றில் ஒன்றையும், 5-க்கு 36 முதல் 48-க்குள் ஒன்றையும் நிலையாக வையுங்கள். இரண்டு அலைவரிசைக்கும் வெவ்வேறு பெயர் வைத்தால் எது வரவில்லை என்பதும் பார்த்ததுமே தெரியும்.

அடுத்தது ‘நோ இன்டர்நெட்’. டெர்மினலில் ‘ஐபிகான்ஃபிக்’ என்று அடியுங்கள். ஐபிவி4 முகவரி (நெட்வொர்க்கில் லேப்டாப்புக்கான எண்) 169.254 என்று தொடங்கினால் ரூட்டர் லேப்டாப்புக்கு முகவரியே தரவில்லை, லேப்டாப் தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். வேறு முகவரி இருந்தால் கீழே ‘டிஃபால்ட் கேட்வே’ என்று ஒரு எண் இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1. ‘பிங்’ என்று அடித்து அந்த எண்ணைக் கொடுங்கள். பதில் வந்தால் லேப்டாப்புக்கும் ரூட்டருக்கும் இடையில் சிக்கல் இல்லை. லேப்டாப்பில் விபிஎன் (இணையத்தை வேறு சர்வர் வழியாகத் திருப்பும் மென்பொருள்) ஓடினால் அதை நிறுத்திப் பாருங்கள். தூங்கி எழுந்த விபிஎன் வழியை மறித்துக்கொண்டு நிற்பது அடிக்கடி நடக்கிறது.

உங்கள் இடத்தில் இன்னொன்றும் நடக்கலாம். பல வீட்டு ரூட்டர்கள் யாருக்கு எந்த முகவரி கொடுத்தோம் என்ற குறிப்பைக் கரண்ட் போனதும் மறந்துவிடும். தூங்கும் லேப்டாப் தன் பழைய முகவரியை நினைவில் வைத்திருக்க, ரூட்டர் அதையே ஒரு விருந்தினரின் செல்போனுக்குக் கொடுத்துவிடும். அப்போது ‘ஐபிகான்ஃபிக்’ பக்கத்தில் சாய்கோட்டோடு ‘ரிலீஸ்’, பிறகு அதே மாதிரி ‘ரின்யூ’ கொடுத்தால் புது முகவரி வரும். நிரந்தரமாகத் தீர, ரூட்டரில் டிஹெச்சிபி ரிசர்வேஷன் பக்கத்தில் லேப்டாப்பின் மேக் முகவரிக்கு (வைஃபை கார்டின் அடையாள எண்) ஒரு ஐபி முகவரியை ஒதுக்கிவிடுங்கள். அதைச் செய்யும்போது லேப்டாப்பின் வைஃபை செட்டிங்ஸில் ‘ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரசஸ்’ ஆஃப் ஆகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் லேப்டாப் வேறொரு மேக் முகவரியைக் காட்டும், ஒதுக்கியது வீண்.

மலையில் கரண்ட் போய் வருவதை நிறுத்த முடியாது, ரூட்டர் அணைவதைத் தடுக்கலாம். ஃபைபர் பெட்டி, ரூட்டர் இரண்டின் அடாப்டர்களிலும் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியரைப் பாருங்கள். 12 வோல்ட் என்று இருந்தால் 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்குங்கள். வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் இரண்டின் கூட்டுத்தொகைக்குக் குறையாமல் இருக்க வேண்டும். காட்டேஜுக்குக் காட்டேஜ் வெளியில் லேன் கேபிள் இழுத்திருந்தால், சித்திரை, வைகாசி இடிமழைக்கு முன் அதன் முனைகளைக் கழற்றிவிடுங்கள். பக்கத்தில் விழும் மின்னல் செம்புக் கம்பி வழியாக ஏறி ரூட்டரையும் லேப்டாப்பையும் சேர்த்துக் கொல்லும்.

கேள்வி: டெஸ்க்டாப்பில் யுஎஸ்பி வைஃபை டாங்கிள். தூங்கி எழுந்தால் டாங்கிளைப் பிடுங்கிச் சொருகினால்தான் வேலை செய்கிறது.
– வாசகர், சூரமங்கலம்

பதில்: பவர் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸுக்குப் போய் ‘யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்’ என்பதை டிசேபிள் செய்யுங்கள். டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யுஎஸ்பி ரூட் ஹப்பிலும் பவர் மேனேஜ்மென்ட் டிக்கை எடுங்கள். டாங்கிளை முன்பக்கத்திலிருந்து எடுத்து, பின்னால் மதர்போர்டிலேயே உள்ள கறுப்பு நிற யுஎஸ்பி 2.0 துளையில் சொருகுங்கள். நீல நிற 3.0 துளையில் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளம்பும். டாங்கிளை ஒரு மீட்டர் நீட்டிப்பு ஒயரில் தள்ளி வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

கேள்வி: அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் போட்டிருக்கிறேன். தூங்கி எழுந்தால் வைஃபை இருக்கிறது, ஆனால் ஊர்ந்து ஊர்ந்துதான் வருகிறது.
– மாணவி, கருப்பூர்

பதில்: கார்டின் மின்சிக்கனம் காரணமாக இருக்கலாம். ‘ஈடிசி’ ஃபோல்டருக்குள் நெட்வொர்க்மேனேஜர் (இதில் மட்டும் என், எம் இரண்டும் பெரிய எழுத்து), அதற்குள் கான்ஃப்.டி. அங்கே ‘டிஃபால்ட் வைஃபை பவர்சேவ் ஆன்’ என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கும். சூடோ (அட்மின் அதிகாரம் தரும் கமாண்டு) கொடுத்துத் திறந்து, ‘வைஃபை.பவர்சேவ்’ வரியில் 3 என்று இருப்பதை 2 ஆக்கிச் சேமித்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள். 3 என்றால் சிக்கனம் உண்டு, 2 என்றால் இல்லை. பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும்.

கேள்வி: எல்லாம் பார்த்தாயிற்று, கார்டையே மாற்றித்தான் ஆக வேண்டும். வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், செவ்வாப்பேட்டை

பதில்: பழைய கார்டைக் கழற்றி, அதன் மேலுள்ள எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். இன்டெல் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 போன்றவை சிஎன்விஐ வகை. வைஃபையின் ஒரு பாதி இன்டெல் சிப்செட்டுக்குள்ளேயே இருக்கும், கார்டில் மறுபாதிதான். அதற்கு ஏற்ற இன்டெல் மதர்போர்டு இல்லாமல் அவை ஓடாது; ஏஎம்டி பிராசஸர் உள்ள லேப்டாப்பில் போட்டால் வீண். ஏஎக்ஸ்210 முழுக் கார்டு, எம்.2 ‘ஈ கீ’ ஸ்லாட் (வைஃபை கார்டு சொருகும் துளையின் ஒரு வகை) இருந்தால் இன்டெல், ஏஎம்டி இரண்டிலும் ஓடும். ஆனால் விண்டோஸ் 10, 64 பிட்டுக்குக் கீழே அதற்கு டிரைவர் இல்லை. சில பழைய லேப்டாப்புகளின் பயோஸ் தனக்குத் தெரியாத கார்டை ஏற்காது. திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பொருத்தும்போது பேட்டரி இணைப்பை முதலில் கழற்றுங்கள். கார்டில் இரண்டு ஆன்டெனா ஒயர், பெரும்பாலும் கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. எது எந்த முனையில் இருந்தது என்பதையும் படத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குட்டித் தலையை நேர் மேலே வைத்து, ‘டிக்’ என்று உட்காரும் வரை விரல் நுனியால் அழுத்த வேண்டும். சாய்த்து அழுத்தினால் நடு ஊசி வளைந்துவிடும். அப்புறம் ரூட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் வைஃபை வரும்.