ஃபயர்வால் லாக்: கேளுங்கள், சொல்கிறேன்

கோவையைச் சுற்றியுள்ள ஆலைகளுக்கும் கம்பெனிகளுக்கும் நெட்வொர்க் பாதுகாப்புப் பார்ப்பது என் வேலை. இன்று லாக் பற்றி மட்டும்: உள்ளே வருவதையும் வெளியே போவதையும் வடிகட்டும் ஃபயர்வால் பெட்டி, எதை விட்டது, எதைத் தடுத்தது என்று எழுதிவைக்கும் பதிவு.

ஈரோடு, மஞ்சள் மண்டி: கரன்ட் போய் வந்தால் பழைய லாக் எதுவும் இருப்பதில்லை. பெட்டி பழுதா?

பழுதில்லை. சிறிய மாடல்கள் பலவற்றில் லாக் ரேமில்தான் தங்கும். கரன்ட்டோடு அதுவும் போய்விடும். சும்மா கிடக்கும் கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு, சிஸ்லாக் (லாக்கை வேறு கணினிக்கு அனுப்பும் பொது முறை) வழியாக லாக்கை அங்கே அனுப்புங்கள். வழக்கமான யூடிபி, போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காத முறை, போர்ட் (வாசல் எண்) 514; அதில் வழியில் தொலைந்த வரி தொலைந்ததுதான். பெட்டியில் வசதி இருந்தால், மறையாக்கி அனுப்பும் டிஎல்எஸ், போர்ட் 6514.

திருப்பூர், பனியன் கம்பெனி: லாக்கில் நேரம் ஐந்தரை மணி பின்னால் இருக்கிறது. கண்டுகொள்ளாமல் விடலாமா?

விடவே கூடாது. உங்கள் ஊரிலேயே ஒரு கம்பெனியில் இரவு 9.12க்கு யாரோ உள்ளே நுழைந்ததாக லாக் காட்டியது. அந்த நேரத்தில் அலுவலகத்தில் இருந்த கணக்கர் மீது சந்தேகம் விழுந்தது. நான் போய்ப் பார்த்தபோது பெட்டி யூடிசி நேரத்தில் (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம்) ஓடிக்கொண்டிருந்தது. உண்மையான நேரம் விடிகாலை 2.42, அவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு நாள் அந்த மனிதர் சாப்பிடவில்லை. எல்லாக் கருவிகளையும் சரியான நேரம் தரும் ஒரே என்டிபி சர்வரோடு இணையுங்கள். நேர மண்டலம் என்னவென்று லாக் வரியிலேயே தெரியும்படி வையுங்கள்.

கரூர்: டிஸ்க் 95 சதவீதம் நிரம்பிவிட்டது. அழித்துவிடலாமா?

நகல் எடுக்காமல் அழிக்காதீர்கள். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவின்படி 180 நாள் லாக் கையில் இருக்க வேண்டும். யாராவது டீபக் நிலையை (பிழை தேடுவதற்காகச் சின்ன விஷயத்தையும் பதியும் நிலை) போட்டு மறந்தார்களா என்று பாருங்கள். சிஸ்லாக்கில் 0 மிக அவசரம், 7 டீபக்; 7இல் விட்டால் எந்த டிஸ்க்கும் தாங்காது.

பொள்ளாச்சி: லாக்கை அழித்தால் வேகம் கூடுமா?

கரூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சூலூர்: தடுத்ததை மட்டும் பதிந்தால் போதாதா? அனுமதித்ததையும் பதிவது வீண்.

தடுத்தது வாசலிலேயே நின்றுவிட்டது. நமக்குக் கேடு செய்வது உள்ளே வந்தது. கணக்குப் பிரிவின் கணினி நள்ளிரவில் 18 ஜிபியை வெளியே அனுப்பினால், அது இணையதளங்களுக்காக நாம் அனுமதித்த போர்ட் 443 வழியாகத்தான் போகும்.

சூலூர், மீண்டும்: நாளுக்கு லட்சக்கணக்கான வரிகள். யார் படிப்பது?

யாரும் படிக்க வேண்டாம். தேவைப்படும் நாளில் தேடினால் போதும். கெட்டது நடந்த பிறகு தேட வரி இல்லையென்றால் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது.

பல்லடம்: சூலூர் அண்ணன் சொல்வதுதான் சரி. எங்கள் டிஸ்க் சிறியது.

அப்படியென்றால் இணைப்பு தொடங்கும்போது பதிவதை நிறுத்துங்கள். முடியும்போது மட்டும் பதியுங்கள். எத்தனை பைட் போனது, எத்தனை வந்தது என்பது முடிவு வரியில்தான் முழுமையாக இருக்கும். வரிகளும் ஏறக்குறைய பாதியாகும்.

அவிநாசி: பழைய லாக்கை எப்படி அழிப்பது?

மறுபடியும் அதே கேள்வி. முதலில் நகல், பிறகு அழிப்பு.

நாமக்கல்: வைஃபை அடிக்கடி அறுந்துபோகிறது.

இணைப்புக் கொடுத்தவரிடம் கேளுங்கள்.

சூலூர்: சரி, முடிவு வரி மட்டும் பதிகிறேன். எவ்வளவு டிஸ்க் வாங்க?

ஒரு வாரம் ஓடவிடுங்கள். அதிகம் வேலை நடந்த நாளின் கோப்பை ஜிஜிப் என்ற சுருக்கும் மென்பொருளில் சுருக்கி, அந்த அளவை 180ஆல் பெருக்குங்கள். அதைப்போல் இரண்டு மடங்கு வாங்குங்கள்.