ரத்த அழுத்தம் சரியாக இருந்தும் ஏன் இத்தனை கண்காணிப்பு?

கேள்வி: டெங்கு வந்த என் தங்கை மகனை (வயது 4, எடை 15 கிலோ) மதுரையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்திருந்தோம். காய்ச்சல் விட்டு, ரத்த அழுத்தமும் 95/78 என்றிருந்தபோது, மருத்துவர்கள் அடிக்கடி விரல் நுனியை அழுத்திப் பார்த்தார்கள், சிறுநீரை அளந்தார்கள், மணிக்கட்டில் ஒரு குழாயும் செருகினார்கள். இவையெல்லாம் தேவைதானா?
- வாசகி, உசிலம்பட்டி

பதில்: தேவைதான், சகோதரி. குழந்தையின் உடல், ரத்த ஓட்டம் குறையும்போது இதயத்தை வேகமாகத் துடிக்கவைத்தும், கை கால்களின் ரத்தக் குழாய்களைச் சுருக்கியும், ரத்த அழுத்தத்தைக் கடைசிவரை தாங்கிப் பிடிக்கும். அது சரியும்போது நிலைமை கைமீறும் கட்டத்தை நெருங்கியிருக்கும். நீங்கள் எழுதியுள்ள அளவையே பாருங்கள். மேல் அழுத்தம் 95 என்பது இந்த வயதுக்குச் சரியானதுதான். ஆனால், மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் உள்ள இடைவெளி வெறும் 17. டெங்குவில் இது 20 அல்லது அதற்குக் கீழே குறைந்தால் அதிர்ச்சி நிலை (உறுப்புகளுக்கு ரத்தம் போதாத ஆபத்தான நிலை) என்றே கொள்ள வேண்டும். காய்ச்சல் விடும் நேரத்தில்தான் ரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களிலிருந்து கசிகிறது; அந்த 24 முதல் 48 மணி நேரமே மிகவும் ஆபத்தானது.

விரல் நுனியை ஐந்து விநாடி அழுத்தி விட்டால், வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். தாமதமானால் தோலுக்கு ரத்தம் போதவில்லை என்று பொருள். சிறுநீர் கிலோவுக்கு மணிக்கு ஒரு மில்லி, அதாவது இவனுக்குச் சுமார் 15 மில்லி, பிரிந்தால் சிறுநீரகத்துக்கு ரத்தம் போகிறது என்று நம்பலாம். மணிக்கட்டுத் தமனியில் வைத்த குழாய் ஒவ்வொரு துடிப்பின் அழுத்தத்தையும் திரையில் காட்டும். லாக்டேட் (திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் கூடும் பொருள்) போன்ற பரிசோதனைகளுக்கு மீண்டும் மீண்டும் குத்தாமல் ரத்தம் எடுக்கவும் அது உதவும். எந்த ஓர் எண்ணையும் தனியாக நம்பக் கூடாது என்பதாலும், சிகிச்சைக்கு உடல் எப்படி இணங்குகிறது என்பதே முக்கியம் என்பதாலும்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள்.

திரவம் ஏற்றுவதிலும் இதே கவனம் வேண்டும். கடும் காய்ச்சலும் ரத்த ஓட்டக் குறைவும் கொண்ட ஆப்பிரிக்கக் குழந்தைகளிடம் நடந்து, 2011-இல் வெளியான பெரிய ஆய்வில், விரைவாகத் திரவம் ஏற்றப்பட்டவர்களிடையே இறப்பு கூடியிருந்தது. அங்கே தீவிர சிகிச்சை வசதி இல்லை என்பதையும் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும். ஆனாலும், திரவம் மிகுந்துபோய்க் கல்லீரல் வீங்குகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று பார்த்துப் பார்த்து ஏற்றுவதே முறை.

வீட்டில் இருக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டபின் கை கால் சில்லிட்டாலோ, ஆறு மணி நேரம் சிறுநீர் பிரியாவிட்டாலோ, வாந்தியும் வயிற்றுவலியும் நிற்காவிட்டாலோ, சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தாலோ, நேரே மதுரைக்குக் கிளம்பிவிட வேண்டாம். முதலில் உசிலம்பட்டி அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். தேவைப்பட்டால் அங்கேயே திரவம் ஏற்றத் தொடங்கி, 108 ஆம்புலன்ஸில் அனுப்பிவைப்பார்கள்.