மகள் கேட்பது ஆமிக்காரர் படிப்பா?

திருகோணமலை அம்மாவுக்கு,

உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு எடுத்த மகள் லொஜிஸ்டிக்ஸ்தான், அதாவது பொருள்களைச் சேமித்து, கணக்கு வைத்து, வேண்டிய இடத்துக்குக் கொண்டுசேர்க்கிற படிப்பைத்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். தகப்பனோ அது ஆமிக்காரர் படிப்பு, பொம்பிளைப் பிள்ளைக்கு எதற்கு ஸ்டோர்ஸ் வேலை என்கிறார். நடுவில் நீங்கள் தவிக்கிறீர்கள்.

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். இதைப் படிக்க உங்கள் பிள்ளை சீருடை போடத் தேவையில்லை. நம் ஊரில் சீருடையைக் கண்டால் மனம் பதறுகிற வீடுகள் எத்தனையோ. அந்த நினைவைத் தள்ளி வைத்துவிட்டு அனுப்புங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவள் போகக்கூடிய இடங்கள் துறைமுகம், மா ஆலை, சீமெந்து ஆலை, எண்ணெய்க் களஞ்சியம், மருந்து விநியோகம், நிவாரண நிறுவனம் போன்றவை. இவற்றில் பல உங்கள் ஊரிலேயே இருக்கின்றன.

ஆனால் தகப்பன் சொல்வதிலும் உண்மை உண்டு. படைக்கு அரிசியும் எண்ணெயும் மருந்தும் கொண்டுசேர்த்த அனுபவத்தில்தான் இந்தத் துறை வளர்ந்தது. சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்திருப்பீர்கள். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது அவற்றில் ஒன்று அழிந்தது. இன்று நிற்பவை 99. கப்பல்களுக்கு எண்ணெய் வேண்டும் என்பதற்காக நம் காட்டுக்குள் எழும்பியவை அவை. அந்தப் போர்க்காலத்தில் திருகோணமலைத் தளத்தில் பிரித்தானியக் கடற்படையின் மகளிர் சேவையினரும் வேலை செய்தார்கள். 1944 பெப்ரவரி 12இல் மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த கெடிவ் இஸ்மாயில் என்ற கப்பலை மாலைதீவுப் பக்கத்தில் நீர்மூழ்கி ஒன்று தாக்கியது. இரண்டு நிமிடத்துக்குள் கப்பல் மூழ்கிவிட்டது. இறந்த 1,297 பேரில் 77 பேர் பெண்கள். தாதியரும் அந்த மகளிர் சேவையினரும் அதில் இருந்தார்கள். துப்பாக்கி தூக்காத வேலைக்காகக் கடல் தாண்டி வந்தவர்கள்.

இன்னொரு அணியைப் பற்றி உங்கள் மகளுக்கு நீங்களே சொல்லுங்கள். அமெரிக்க இராணுவத்தின் 6888ஆவது தபால் படைப்பிரிவு. மேஜர் சாரிட்டி ஆடம்ஸ் தலைமையில் 855 பேர், பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். 1945இல் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் இறங்கியபோது ஐரோப்பாவில் இருந்த அமெரிக்கப் படையினருக்கு வந்த சுமார் 1 கோடியே 70 இலட்சம் தபால்கள் தேங்கிக் கிடந்தன. குளிரான களஞ்சியங்கள், வெளிச்சம் வெளியே தெரியாதபடி கறுப்படித்த ஜன்னல்கள், வீட்டிலிருந்து வந்த கேக்குகளைத் தின்ன எலிகள். ரொபர்ட் ஸ்மித் என்ற பெயரில் மட்டும் 7,500 பேருக்கு மேல் இருந்தார்கள். எந்த ஸ்மித்துக்கு எந்தக் கடிதம்? அந்தப் பெண்கள் ஆளுக்கொரு அட்டை போட்டு, படை இலக்கத்தை வைத்துப் பிரித்தார்கள். இப்படி ஏறக்குறைய 70 இலட்சம் அட்டைகள். மூன்று வேலைமுறைகளாக (ஷிப்ட்) இரவு பகல் பார்த்து, ஒரு முறைக்கு 65,000 தபால் வரை அனுப்பி, ஆறு மாத வேலையை மூன்று மாதத்தில் முடித்தார்கள். கொம்பியூட்டர் இல்லாத காலத்தில்! இன்று பெரிய களஞ்சியங்களில் பொருளுக்குக் குறியீடு ஒட்டுகிறார்களே, அடிப்படை அதேதான்.

அவர்களுக்கு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் தங்கப் பதக்கம் கொடுக்கச் சட்டம் வந்தது 2022இல். அநேகர் அப்போது உயிரோடு இல்லை. முதலாம் உலகப் போரில் பிரான்ஸில் இராணுவத் தொலைபேசி இணைப்புகளைக் கவனித்த 223 அமெரிக்கப் பெண்களின் கதை இன்னும் வலிக்கிறது. உறுதிமொழி எடுத்துச் சீருடை போட்டவர்களை, ஊர் திரும்பியபின் “நீங்கள் இராணுவத்தினர் அல்ல, சாதாரண ஊழியர்” என்று சொல்லிவிட்டார்கள். இராணுவ சேவை முடித்ததற்கான விடுவிப்புப் பத்திரம் கொடுக்கவில்லை. அந்தப் பத்திரத்துக்கு 1977 வரை போராட வேண்டியிருந்தது.

இதை உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தத் துறையில் பெண் செய்யும் வேலையை “உதவி” என்று எழுதிவிடுவது மிகச் சுலபம். மகள் பயிற்சிக்குப் போனால், “உதவியாளராக இருந்தார்” என்ற ஒரு வரிக் கடிதத்தை வாங்கிக்கொண்டு வரக்கூடாது. இருப்புப் பதிவேடு பார்த்தாளா, சுங்க ஆவணம் தயாரித்தாளா, லொறிகளுக்கு நேர அட்டவணை போட்டாளா, அது அது பெயரோடும் திகதியோடும் எழுதப்பட வேண்டும். கேட்க வெட்கப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி இருந்தது: சுனாமிக்குப் பிறகு பள்ளிக்கூட முகாமில் சாமான் கொடுக்கிற கணக்கு நீங்கள் பார்த்தீர்கள் என்று. குடும்ப அட்டையைப் பார்த்துப் பேர் பதிந்து, கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு முதலில் பால்மா ஒதுக்கி, நாளைக்கு எத்தனை மூட்டை மிஞ்சும் என்று இரவில் கொப்பியில் கூட்டிப் பார்த்திருக்கிறீர்கள். மகள் படிக்கக் கேட்பது அந்த வேலையைத்தான் அம்மா. தகப்பனுக்கு அதை எடுத்துச் சொல்லுங்கள். இப்போதும் களஞ்சிய வேலை செய்கிற பெண்கள் உங்கள் பக்கத்தில் இருந்தால், செய்த வேலையைக் காட்டி மதிப்பீட்டுக்குப் போய் என்.வி.கியூ என்ற தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழ் பெற வழி இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுங்கள். எல்லாத் தொழிலுக்கும் வகுப்பில் இருந்துதான் படிக்க வேண்டும் என்றில்லை.

சரி, படிப்பு. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் போக்குவரத்து, லொஜிஸ்டிக்ஸ் முகாமைத்துவத்துக்குத் தனிப் பட்டம் இருக்கிறது. மகளின் பாடச் சேர்க்கை பொருந்துமா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அந்த ஆண்டுக் கைநூலில் பார்த்துவிட்டு ஆசைப்படட்டும். பொதுவாக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. திருகோணமலையும் அந்தப் பட்டியலில் இருப்பதால், இசட் புள்ளி கொஞ்சம் குறைந்துவிட்டது என்று உடனே மனம் உடைய வேண்டாம். வெளியூர் அனுப்பத் தயக்கம் என்றால் கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் வணிகக் கற்கை இருக்கிறது. அதோடு சி.ஐ.எல்.டி (CILT) என்ற லொஜிஸ்டிக்ஸ், போக்குவரத்துப் பட்டய நிறுவகத்தின் தொழில்முறைப் பரீட்சைகளையும் எழுதலாம். அங்கே இத்துறைப் பெண்களுக்கென்று WiLAT என்ற அமைப்பும் இயங்குகிறது, அனுபவசாலிகளைச் சந்திக்க நல்ல இடம். எதை எடுத்தாலும் ஆங்கிலமும் எக்செலும் இப்போதே தொடங்க வேண்டும். கப்பல் ஆவணங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வரும்.

குறைகளையும் மறைக்கமாட்டேன். துறைமுக வேலையில் இரவு முறை வரும். சில களஞ்சியங்களில் பெண்களுக்கென்று ஒரு கழிப்பறைகூட இல்லை. வேலைக்கு நேர்முகம் போகும்போது இரவு வாகனம் வீட்டு வாசல் வரை வருமா, அந்த முறையில் வேறு பெண்கள் இருக்கிறார்களா, முறைப்பாடு சொல்ல யாரிடம் போவது என்று மகளே கேட்க வேண்டும். தகப்பனின் கோபத்தில் பாதி இந்தக் கவலைதான் என்று எனக்குப் படுகிறது. விண்ணப்பம் போடும் முன் பெறுபேற்றுத் தாளோடு மூவரும் வாருங்கள். அவரோடு நான் நேரில் பேசுகிறேன்.